பக்கவாதம்: உயிர் மீண்டபின் கையும் மீள வேண்டாமா?



சென்ற மாதம் ஜும்ஆ தொழுகை முடிந்தபின் நம்மில் நால்வர், பக்கவாதத்தால் வீட்டோடு முடங்கிவிட்ட பெரியவர் ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றோம். கள்ளக்குறிச்சியில் நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. முதல் வாரத்தில் அந்த வீட்டில் உட்கார இடமில்லை என்றார்கள். உறவினர்கள் வந்தார்கள், பழங்கள் வந்தன, ஓதிய தண்ணீர் வந்தது. இரண்டாம் மாதத்தில் வாசலில் எங்கள் நால்வரின் செருப்புகள் மட்டுமே கிடந்தன.

அவருடைய வலக்கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. உளி பிடித்த விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடந்தன. “அல்லாஹ் உயிரைத் திருப்பிக் கொடுத்துட்டான், அல்ஹம்துலில்லாஹ். சட்டைப் பொத்தானை மட்டும் நானே போட்டுக்கிட்டாப் போதும் தம்பி” என்றார். எங்களில் எவரிடமும் பதில் இல்லை. துஆ செய்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் எங்களை உறுத்திய கேள்வியே இக்கட்டுரை. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொருவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அக்கடமை ஒரு நாள் வருகையோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் முடிந்துவிடுகிறதா? மருத்துவமனை உயிரைக் காத்துத் தருகிறது. அதன்பின் கையையும் காலையும் பேச்சையும் மீட்பதற்கான நீண்ட மாதங்களில் நோயாளி யாருடைய பொறுப்பு? அந்த மாதங்கள் நமது ஜமாஅத்தின் பொறுப்பு என்பதே நமது கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறோம்.

நோயின் முதற்பாதி

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கவாதம் வரும். வெடித்துக் கசிந்தாலும் வரும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே: வாய் கோணும், ஒரு பக்கக் கை கால் விழும், பேச்சு குழறும். சிகிச்சையோ முற்றிலும் வேறு. அடைப்பைக் கரைக்கும் மருந்தை இரத்தக்கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் அதுவே உயிரைப் பறிக்கக்கூடும். எனவே மண்டையோட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்க்கும் கண்ணை மருத்துவத்துக்குக் கொடுத்தது இயற்பியல். 1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தி, உடலைக் கடந்து வரும்போது அது எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து, அந்த அளவுகளிலிருந்து உள்ளுருவத்தைக் கணக்கிடுவதே அதன் அடிப்படை. அதற்குரிய கணிதத்தை முன்னரே வகுத்திருந்த ஆலன் கார்மக் ஓர் இயற்பியலாளர். இருவரும் 1979-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இன்று ஸ்கேன் அறையில் சில நிமிடங்களில் கிடைக்கும் விடைக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து 4½ மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை நமக்குக் கிடைத்த பெரும் வாய்ப்புகள். எனினும், வாய் கோணியவரை முதலில் மந்திரிக்க அழைத்துச் செல்வதும், விழுந்த கையில் புறா இரத்தம் தேய்ப்பதும் இன்னும் நின்றபாடில்லை. ஓடும் இரத்தம் நஜீஸ் என்பதை நாம் அறிவோம். அதை நோயாளியின் மேனியில் பூசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த 4½ மணி நேரம் கரைந்து போகிறது. துஆவை 108 ஆம்புலன்சில் போகும்போதும் கேட்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் பொருள் இதுதான்.

இரண்டாம் பாதி: திரும்பத் திரும்பச் செய்தல்

மூளையில் இறந்துபோன பகுதி மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆனால் அதன் அண்டையிலும் பிற இடங்களிலும் உள்ள நரம்புகள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையின் ஒரு பகுதியையேனும் கற்றுக்கொள்ளும். வல்ல இறைவன் மூளைக்கு வைத்திருக்கும் பேராற்றல் இது. இந்தக் கற்றலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே அசைவை நோயாளி, முயற்சியோடும் கவனத்தோடும், நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும்.

இங்கேதான் உலகெங்கும் குறை இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை நிலையங்களில் பக்கவாத நோயாளிகள் ஒரு பயிற்சி நேரத்தில் கையால் எத்தனை முறை பயனுள்ள அசைவைச் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். சராசரி 32 முறை. விலங்குகளை வைத்து நடந்த சோதனைகளிலோ மூளை மாற்றமடைவதற்கு ஒரு நாளில் நானூறு முறைக்கும் மேலாகப் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. வசதி மிக்க நாட்டிலேயே அளவு இப்படியென்றால், வாரம் ஒருமுறை பேருந்தேறி வரும் நம் ஊர் நோயாளிக்குக் கிடைப்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

காலமும் முக்கியம். 2021-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சியை வெவ்வேறு நோயாளிகளுக்கு வெவ்வேறு காலங்களில் கொடுத்துப் பார்த்தது. நோய் தாக்கி இரண்டு, மூன்று மாதங்களில் அதைப் பெற்றவர்களே மிகுந்த பயனடைந்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் பெற்றவர்களிடம் அத்தகைய பயன் தெரியவில்லை. 72 பேர் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வு என்றாலும், அது காட்டும் திசை நமக்கு வேண்டியது. நாம் பழங்களோடு வந்துபோவதை நிறுத்திவிடும் அதே இரண்டாம் மாதத்தில்தான் நோயாளிக்கு நம் துணை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

வேலூரும் சென்னையும் தந்த கருவி

இத்தேவைக்காக நம் மாநிலத்திலேயே ஒரு கருவி உருவாகியிருக்கிறது. அதன் பெயர் புளூட்டோ. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையமும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப் பொறியியல் துறையைச் சேர்ந்த சிவகுமார் பாலசுப்ரமணியனின் குழுவினரும் இணைந்து இதைச் செய்தனர். இதன் வடிவமைப்பு 2021-இல் ஆய்விதழில் வெளியானது. 2025-இல் கருவி பொதுப் பயன்பாட்டுக்கு அறிமுகமானது.

மேசைமீது வைக்கத்தக்க பெட்டி அது. உள்ளே ஒரே ஒரு மோட்டார். அதன்மேல் கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தலாம்: மணிக்கட்டை மடக்கி நீட்ட ஒன்று, பக்கவாட்டில் அசைக்க ஒன்று, முன்னங்கையைப் புரட்ட ஒன்று, விரல்களை விரித்து மூட ஒன்று. எதிரே கணினித் திரையில் ஒரு விளையாட்டு ஓடும். நோயாளியின் கை அசைவதற்கேற்பத் திரையில் உள்ள உருவம் நகரும். கை தானாகச் செல்லும் வரை கருவி விட்டுக்கொடுக்கும். கை தயங்கும் இடத்தில் மோட்டார் சற்றே உந்தித் துணை செய்யும். அசைவு ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் வைக்கும் பெரிய இயந்திரங்கள் விலை உயர்ந்தவை. ஒரே மோட்டாரைக் கொண்டு எல்லாவற்றையும் செய்துகொள்ளும் இந்த எளிமையே, சிறிய மருத்துவமனைகளுக்கும் கருவி எட்டவேண்டும் என்ற நோக்கத்தைக் காட்டுகிறது.

அசைவு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதை அளக்கவும் சிவகுமார் பாலசுப்ரமணியன் தம் ஆய்வுத் தோழர்களோடு ஒரு வழி வகுத்துள்ளார். நலமுள்ள கை ஒரு குவளையை எடுக்க நீளும்போது அதன் வேகம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். பக்கவாதம் கண்ட கையோ நின்று நின்று, துண்டு துண்டாகச் செல்லும். ஓர் ஓசையை அதில் அடங்கிய அலைவரிசைகளாகப் பிரிப்பதுபோல, கையின் வேகத்தையும் அலைவரிசைகளாகப் பிரித்தால் அந்தத் தடுமாற்றம் எண்ணாக வெளிப்படும். கண்ணுக்குப் புலப்படாத சிறு முன்னேற்றத்தையும் இத்தகைய அளவீடு காட்டிவிடும். “ஒன்றும் மாறவில்லையே” என்று மனமுடைந்தவரிடம், சென்ற வாரத்தைவிட இந்த வாரம் கை சீராக நகர்கிறது என்று சான்றோடு சொல்ல முடிவது சிறிய உதவியன்று.

இயந்திரம் அற்புதம் செய்யாது

இதை வாசித்ததும், கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2019-இல் லான்செட் இதழில் வெளியானது. ரோபோவின் துணையோடு கைப்பயிற்சி பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அன்றாட வேலைகளில் கையைச் சிறப்பாகப் பயன்படுத்தவில்லை என்பதே அதன் முடிவு. இயந்திரம் அசைவின் எண்ணிக்கையைப் பெருக்கும். அந்த அசைவைப் பொத்தான் போடுவதாகவும் சோறு பிசைந்து உண்பதாகவும் மாற்றுவதற்கு மனிதர் ஒருவர் அருகிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

அப்படியானால் குடும்பத்தாரே போதுமே என்று சொல்வோர் உண்டு. அதற்கும் நம் நாட்டிலேயே விடை கிடைத்திருக்கிறது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1250 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. நோயாளியின் குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சிமுறைகளைக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அவ்வாறு செய்யாத நோயாளிகளுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. குடும்பத்தின் அன்பு வீண் என்பது இதன் பொருளாகாது. சமையலும் கூலி வேலையும் பிள்ளைகளும் என்று ஏற்கெனவே சுமை தாங்கும் மனைவியோ மகளோ, சில நாள் பயிற்சியை வைத்துக்கொண்டு தனியொருத்தியாக இப்பொறுப்பையும் சுமக்க முடியாது என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம்.

ஆக, இயந்திரம் மட்டும் போதாது. வீடு மட்டும் போதாது. பயிற்சி பெற்ற ஒருவர், பயிற்சிக்கென ஓர் இடம், நாள்தோறும் தவறாத ஒரு நேரம், பக்கத்தில் அதே முயற்சியில் இருக்கும் நாலு பேர் ஆகிய நான்கும் சேர வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து முறை ஓரிடத்தில் குறித்த நேரத்தில் கூடிப் பழகிய சமுதாயம் நம்முடையது. இந்த நான்கில் மூன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

கண்ணாடியும் மரமும்

எல்லாக் கருவியும் மோட்டாரும் கணினியும் கொண்டதாக இருக்க வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு பெட்டியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் கொண்டு ஒரு சிகிச்சையைத் தொடங்கினார். வெட்டியெடுக்கப்பட்ட கை இன்னும் வலிப்பதாக உணர்ந்தவர்களுக்காக அவர் அதைச் செய்தார். 1999-இல் அதே முறையைப் பக்கவாத நோயாளிகளிடமும் செய்துபார்த்த சிறு ஆய்வு வெளியானது. விழுந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நல்ல கையை அதன் முன்னால் அசைத்தால், விழுந்த கையே அசைவதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். அந்தக் காட்சி மூளையின் பயிற்சிக்குத் துணை நிற்கிறது. மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்யும்போது இது கையின் இயக்கத்தை மேம்படுத்துகிறது என்று பின்வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர்.

கி.பி. 965-இல் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும் விதத்தைச் சோதனை செய்து பார்த்து எழுதியவர். அவரைப் பற்றி மேடைகளில் பெருமையோடு பேசுகிறோம். அப்பெருமைக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை, ஒரு கண்ணாடியை ஒரு நோயாளியின் முன்னால் கொண்டுபோய் வைப்பதுதான்.

நம் ஊரில் இதற்குக் கைகள் இல்லாமல் இல்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த நுணுக்கம் கைவந்த தச்சர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி ஒரு நாள் வேலைகூட இல்லை. விரல் பயிற்சிக்கு முளைகளைச் செருகி எடுக்கும் பலகை, தோளை உயர்த்தப் பயிற்றும் கப்பியும் கயிறும், நிற்கப் பழகுவதற்கான இணைக்கம்பிகள், கணுக்காலுக்கான சாய்வுப் பலகை ஆகிய அனைத்தையும் இங்கேயே செய்துகொள்ளலாம். பயிற்சியாளர் அளவு சொன்னால் போதும்.

மலைமேல் இருப்பவர்கள்

நகரத்தில் உள்ளவருக்கே இந்த நிலை என்றால், கல்வராயன் மலையில் வாழ்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவரைக் காணச் சென்றதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பெஞ்சில் மலைக்கிராமத்து இளைஞர் ஒருவரைச் சந்தித்தோம். இடக்கால் இழுத்து நடக்கும் தம் தந்தையைத் தோளில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். விடியுமுன் புறப்பட்டு, பாதித் தூரம் நடந்தும் பாதித் தூரம் பேருந்திலும் வந்திருந்தார்கள். “நாளைக்கும் வரச் சொல்றாங்க. ரெண்டு நாள் கூலி போச்சுன்னா வீட்ல அடுப்பு எரியாதுங்க” என்றார். மறுநாள் அவர்கள் வரவில்லை என்றால் அதை அலட்சியம் என்று எவரேனும் சொல்ல முடியுமா?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் சாலை வெள்ளிமலைக்குச் செல்கிறது. அதற்கும் அப்பால் மரவள்ளிக் காடுகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பல. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடி மக்கள். அவர்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. இயன்முறை சிகிச்சையும் அதன் ஒரு பகுதி. போற்றத்தக்க திட்டம். ஆனால் நாள்தோறும் வேண்டிய பயிற்சியை, எப்போதாவது ஒருமுறை வரும் ஒருவர் மட்டும் கொடுத்துவிட முடியாது.

அவர்கள் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் அல்லரே என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நமக்குக் கற்பிக்கப்பட்டவற்றில், அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்ற விசாரணை இல்லை. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளித்துவிட்டு, கைம்மாறோ நன்றியோ எதிர்பாராதவர்களைத் திருமறை புகழ்கிறது. நம் சேவையும் அப்படியே அமைய வேண்டும். மலையிலிருந்து வரும் நோயாளியிடம் அவருடைய கையை மட்டுமே நாம் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பல ஊர்களில் மதரஸா அறைகள் காலைப் பாடம் முடிந்தபின் மாலை வரை பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறப்போம். பைத்துல் மாலிலிருந்தோ தனி நன்கொடையிலிருந்தோ ஓர் இயன்முறை சிகிச்சையாளருக்கு ஊதியம் கொடுப்போம். பெண்களுக்குத் தனி நேரமும் பெண் சிகிச்சையாளரும் வேண்டும். இல்லாவிட்டால் நம் தாய்மார்கள் வெட்கத்தாலேயே வீட்டில் முடங்கிவிடுவார்கள். முதலில் மரமும் கண்ணாடியும் கப்பியும் போதும். மருத்துவர்களின் ஆலோசனையோடு அறை ஓராண்டு ஒழுங்காக நடந்தபின், புளூட்டோ போன்ற ஒரு கருவியைப் பல ஜமாஅத்துகள் சேர்ந்து வாங்குவதைப் பற்றிப் பேசலாம். ஒருவர் வீட்டில் ஒரு மணி நேரம் ஓடி மூலையில் கிடக்கும் கருவி, பொது அறையில் ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு உழைக்கும்.

மலையிலிருந்து வருவோருக்கு மற்றோர் ஏற்பாடு தேவை. பள்ளிவாசலை ஒட்டிப் பயணிகள் தங்கும் முசாஃபிர்கானா இருக்கும் ஊர்களில், அதில் ஓர் அறையை நோயாளிக்கும் துணைக்கு வந்தவருக்கும் முதற்சில வாரங்கள் ஒதுக்கலாம். பயிற்சி பழகியபின் பெட்டியையும் பலகையையும் அவர்களோடு மலைக்கே கொடுத்தனுப்பலாம். மாதம் இருமுறை சிகிச்சையாளரை நம் செலவில் மேலே அனுப்பலாம். பயணப்படியும் இழந்த கூலியும் கொடுப்பதே இதில் முதன்மையான செலவாக இருக்கும். ஜகாத்துக்குரியவர்கள் யார் என்பதற்கு மார்க்கத்தில் வரையறை இருப்பதால், அந்நிதியைத் தொடுமுன் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். ஸதகாவுக்கும் வக்ஃபுக்கும் அந்தத் தடை இல்லை.

இது புதுமையன்று. கி.பி. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனை வக்ஃப் சொத்துகளின் வருமானத்தில் நடந்தது. செல்வர், வறியவர், ஆண், பெண் எல்லோருக்கும் அது திறந்திருந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்தினார்கள். ஊரில் சிலரேனும் அதை நிறைவேற்றினால் மற்றவர்கள் மீதான பொறுப்பு நீங்கும். எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள்.

“அரசாங்கத்தின் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?” என்ற கேள்வி நியாயமானது. மாவட்டந்தோறும் மறுவாழ்வு மையம் வேண்டும் என்று அரசிடம் கேட்பதை நாம் விடக்கூடாது. ஆனால் கோரிக்கை மனு நகரும் வேகத்துக்கு நோயாளியின் மூன்றாம் மாதம் காத்திருக்காது. “கத்ரில் எழுதியது நடக்கும்” என்போரும் உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறைவன் இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபின், அம்மருந்தைத் தேடுவதும் கத்ரின் பகுதியே என்று நம்புகிறோம்.

விரல்களின் தர்மம்

இறுதியாக, எந்தச் செலவும் இல்லாத ஒன்று. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் பக்கவாதம் வந்தவரைப் பள்ளிவாசலில் காண்பதே அரிதாகிவிட்டது. வாசலில் மூன்று உயரமான படிகள், ஒளூச் செய்யுமிடத்தில் வழுக்கும் தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. ஒரு சாய்தளமும் இரண்டு கைப்பிடிக் கம்பிகளும் நாலு நாற்காலிகளும் ஒரு நோயாளியை ஜமாஅத் தொழுகைக்குத் திரும்ப அழைத்து வரும். அவர் நாள்தோறும் ஐந்து முறை நடக்கக் காரணமும் கிடைக்கும்.

தஸ்பீஹை விரல்களால் எண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபர்ளுக்குப் பின்னும் நூறு என்றால் ஒரு நாளைக்கு ஐந்நூறு. விழுந்த கையின் கட்டைவிரல், மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட முயன்றுகொண்டே எண்ணட்டும். தொட முடியாத விரலை மற்றக் கை மெல்லப் பிடித்து உதவட்டும். எந்த அசைவு ஒருவருக்கு ஏற்றது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். இது சிகிச்சைக்கு மாற்றன்று, துணை மட்டுமே. அளவில் சிறிதாயினும் விடாது செய்யப்படும் செயலையே இறைவன் மிக விரும்புகிறான் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உடலின் ஒவ்வொரு மூட்டும் நாள்தோறும் ஒரு தர்மத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்றும் கேட்டிருக்கிறோம். அந்தத் தர்மத்தைச் செய்ய முடியாமல் மடங்கிக் கிடக்கும் விரல்களின் சார்பில் அதைச் செய்ய வேண்டியவர்கள், விரல்கள் நலமாயிருக்கும் நாம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபின் மீண்டும் அந்தப் பெரியவரிடம் சென்றோம். இம்முறை பழங்கள் கொண்டுபோகவில்லை. அவர் மகன் செய்துகொடுத்த கண்ணாடிப் பெட்டியையும், நமக்குத் தெரிந்த ஓர் இயன்முறை சிகிச்சையாளரையும் அழைத்துச் சென்றோம். பெட்டியை இடக்கையால் தடவிப் பார்த்தவர் முதலில் சொன்னது, “மூலை சரியாச் சேரலையே, யாரு செஞ்சது?” என்பதுதான். மகன் சிரித்துவிட்டார். பிறகு அவர் கண்ணாடிக்குள் பார்த்தபடி விரல்களை விரித்தார், மூடினார், விரித்தார். பொத்தான் போடும் நாள் வருமா என்பதை அல்லாஹ்வே அறிவான். இப்போது அவரிடம் நாள்தோறும் ஒருவர் போகிறார். நமக்குள் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவையும், அவர்களுக்குத் துணை நிற்கும் மனத்தை நமக்கும் வல்ல இறைவன் தந்தருள்வானாக. ஆமீன்.